நாட்டின் பணப்பெட்டிக்கு யார் காவல்?

ஒரு கல்லூரி மாணவன் தன் செல்போனுக்கு 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறான். "நான் என்ன வரியா கட்டுறேன்? அதெல்லாம் வேலைக்குப் போன பிறகு" என்பது அவன் நினைப்பு. ஆனால் அந்த 199 ரூபாய்க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒளிந்திருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 30 ரூபாய். அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. வருமான வரி கட்டாதவனும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். சோப்பு வாங்கும் பாட்டியும் கட்டுகிறார், பைக்குக்குப் பெட்ரோல் போடும் கூரியர் பையனும் கட்டுகிறான்.

சரி, இந்தப் பணத்தை வாங்க யார் அனுமதி கொடுத்தது? யார் சொல்லி அது செலவாகிறது? செலவான பிறகு யார் கணக்குக் கேட்கிறார்கள்? மூன்று கேள்விக்கும் இந்திய அரசியல் சட்டம் தரும் பதில் ஒன்றுதான்: நாடாளுமன்றம்.

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் அப்படி இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

யார் யார் சேர்ந்தது நாடாளுமன்றம்?

நாடாளுமன்றம் என்றதும் பலருக்கு டி.வி.யில் தெரியும் கூச்சல்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது மூன்று உறுப்புகள் கொண்டது. குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை. அரசியல் சட்டத்தின் 79-வது பிரிவு இதைச் சொல்கிறது.

மக்களவைக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 543 பேர். இதில் தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. ஆங்கிலோ இந்தியர்களுக்காக இருந்த 2 நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டன. மக்களவையின் ஆயுள் ஐந்து ஆண்டு. அதற்கு முன்பேயும் கலைக்கலாம்.

மாநிலங்களவையைக் கலைக்க முடியாது. 245 இடங்களில் 233 பேரை மாநில எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் (டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீரும் சேர்த்து). 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம்.

ஏன் இரண்டு சபை? ஒரு தேர்தலில் அடிக்கும் அலையில் மக்களவை முழுக்க ஒரே பக்கம் சாய்ந்துவிடலாம். மாநிலங்களவை அப்படி ஒரே நாளில் மாறாது. அவசரத்தில் எழுதிய சட்டத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

ஆனால் பண விஷயத்தில் மட்டும் இரண்டு சபைகளும் சமம் இல்லை. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

பெட்டியும் பூட்டும்

மத்திய அரசு வாங்கும் வரி, கடன், திரும்பி வரும் கடன் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகின்றன. அதன் பெயர் இந்தியத் தொகுப்பு நிதி. அந்தப் பெட்டிக்குப் பல பூட்டுகள்.

முதல் பூட்டு, 265-வது பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒரு பைசா வரி கூட வசூலிக்கக் கூடாது.

இரண்டாவது பூட்டு, செலவுக்கானது. ஒவ்வோர் ஆண்டும் அரசு வரவு செலவு அறிக்கையை இரு சபைகளிலும் வைக்க வேண்டும். இதுதான் பட்ஜெட். அரசியல் சட்டத்தில் 'பட்ஜெட்' என்ற வார்த்தையே கிடையாது, 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் இருக்கிறது! பிறகு ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று மானியக் கோரிக்கை வைக்கும். அதை மக்களவை மட்டுமே ஓட்டுக்கு விடும். ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஆனால் கூட்ட முடியாது. நீதிபதிகள் சம்பளம், அரசு வாங்கிய கடனுக்கான வட்டி போன்ற சிலவற்றைப் பற்றிப் பேசலாம், ஓட்டுக்கு விட முடியாது.

குறைப்பதற்கு வெட்டுத் தீர்மானம் என்று ஒரு கருவி உண்டு. அரசின் கொள்கையே தப்பு என்றால் "இந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்" என்று உறுப்பினர் கொண்டு வரலாம். ஒரு சின்னக் குறையைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் "100 ரூபாய் குறைக்க வேண்டும்" என்பார். நூறு ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம். அது நிறைவேறினால் அரசு சபையின் நம்பிக்கையை இழந்ததாக அர்த்தம்.

மானியங்கள் நிறைவேறிய பிறகு ஒதுக்கீட்டு மசோதா. அது சட்டமானால்தான் பெட்டியிலிருந்து பணம் எடுக்கலாம்.

மூன்றாவது பூட்டு, செலவுக்குப் பிறகு. கணக்குத் தணிக்கைத் தலைவர் (சி.ஏ.ஜி.) கணக்கைத் தணிக்கை செய்து அறிக்கை கொடுப்பார். அதைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும். 22 பேர் கொண்ட இந்தக் குழுவில் அமைச்சர் யாரும் இருக்கக் கூடாது. 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் அதன் தலைவர் என்பது மரபு.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. பங்குதாரர் கூட்டம், ஆண்டறிக்கை, ஆடிட்டர், ஆடிட் கமிட்டி என்று ஒரு கம்பெனிக்கு இருக்கும் அதே அமைப்புதான். ஒரு வித்தியாசம் உண்டு. கம்பெனி நிர்வாகம் பிடிக்கவில்லை என்றால் பங்குதாரர் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். குடிமகனால் அது முடியாது. அதனால்தான் இங்கே பூட்டு இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்.

ஒரு கேள்வி, ஒரு ராஜினாமா

இந்தப் பூட்டு வேலை செய்த காலம் ஒன்று இருந்தது.

1956-ல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் தேசியமயமாகி எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த ஆண்டே அது ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முதலீடு செய்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. அந்தக் கம்பெனிகளோ தள்ளாடிக்கொண்டிருந்தன. எல்.ஐ.சி.யின் சொந்த முதலீட்டுக் குழுவிடம் முறைப்படி முன்கூட்டியே கேட்கவும் இல்லை.

1957 டிசம்பரில் இதை மக்களவையில் எழுப்பியவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளும் காங்கிரஸ் எம்.பி. அது மட்டுமல்ல, பிரதமர் நேருவின் மருமகன்! சொந்தக் கட்சியின், சொந்த மாமனாரின் அரசாங்கத்தை நோக்கி அவர் கேட்ட கேள்வி, பாலிசிதாரரின் பணம் யாருக்காகப் போனது என்பதுதான்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது. மக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார்.

நேரு அரசுக்கு அப்போது மக்களவையில் அசைக்க முடியாத பெரும்பான்மை. ஓட்டெடுப்பில் யாரும் அதைத் தோற்கடிக்க முடியாது. இருந்தும் ஓர் உறுப்பினர் எழுந்து நின்று கேட்ட கேள்வி ஒரு நிதியமைச்சரை வீட்டுக்கு அனுப்பியது. எண்ணிக்கை வேறு, கேள்வி கேட்கும் உரிமை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கில்லட்டின்!

பிரெஞ்சுப் புரட்சியில் தலையை வெட்டிய இயந்திரத்தின் பெயர் கில்லட்டின். நாடாளுமன்றத்தில் அது விவாதத்தின் தலையை வெட்டுவது. பட்ஜெட் கூட்டத்தில் மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில், இன்னும் பேசப்படாத எல்லாக் கோரிக்கைகளையும் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு முடித்துவிடுவார்கள்.

கொஞ்சம் கில்லட்டின் தவிர்க்க முடியாதது. இவ்வளவு அமைச்சகங்களையும் ஒரே கூட்டத் தொடரில் பேசி முடிக்க முடியாது. ஆனால் ஒரு கோரிக்கை கூடப் பேசாமல் எல்லாமே கில்லட்டினுக்குப் போனால்? அப்படியும் நடந்திருக்கிறது. 2004, 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில்.

2023-ஐ மட்டும் பாருங்கள். அந்த ஆண்டு பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். எதிர்க்கட்சிகள் ஒரு விவகாரத்தில் கூட்டுக்குழு விசாரணை கேட்டுக் கோஷம் போட்டன. ஆளுங்கட்சி எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோஷம் போட்டது. இரண்டு கோஷங்களுக்கும் நடுவே சில நிமிடங்களில் எல்லா மானியங்களும் நிறைவேறின. மறுநாள் 64 அரசுத் திருத்தங்களோடு நிதி மசோதாவும் விவாதமில்லாமல் நிறைவேறியது. ஒரு குடும்பம் பிரிட்ஜ் வாங்குவதற்கு முன் இதைவிட அதிக நேரம் பேசும்!

இதில் எந்தக் கட்சியும் யோக்கியம் இல்லை. 2004-லும் 2013-லும் ஆட்சியில் காங்கிரஸ் கூட்டணி, சபையை நடக்க விடாதது பா.ஜ.க. தரப்பு. 2018-லும் 2023-லும் ஆட்சியில் பா.ஜ.க. நாற்காலி மாறியது, நடத்தை மாறவில்லை.

நேரமும் சுருங்கிவிட்டது. முதல் மக்களவை (1952–57) 677 நாட்கள் கூடியது. 17-வது மக்களவை (2019–24) 274 நாட்கள். ஆண்டுக்கு 135 நாள் என்றிருந்தது 55 ஆகிவிட்டது. ஒரு மாணவனுக்கு 75 சதவீத வருகைப் பதிவு இல்லை என்றால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். நாடாளுமன்றத்துக்கு அரசியல் சட்டம் போட்ட ஒரே நிபந்தனை, இரண்டு கூட்டத் தொடர்களுக்கு இடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதுதான்.

மேல்சபையைச் சுற்றிப் போகும் பாதை

இன்னொரு பூட்டும் தளர்ந்திருக்கிறது. அது கொஞ்சம் நுணுக்கமானது.

வரி, அரசின் கடன், தொகுப்பு நிதியிலிருந்து செலவு போன்றவற்றை மட்டுமே கொண்ட மசோதாவுக்குப் பண மசோதா என்று பெயர். இதை மக்களவையில்தான் கொண்டு வர முடியும். மாநிலங்களவை 14 நாளுக்குள் சிபாரிசுகளோடு திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். சிபாரிசை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். எது பண மசோதா என்று தீர்மானிப்பவர் சபாநாயகர். அவர் முடிவே இறுதி.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சபைக்குத்தான் பணத்தின் மேல் அதிகாரம் என்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஆளுங்கட்சிக்கு மாநிலங்களவையில் பலம் இல்லாதபோது, வேறு விஷயத்தையும் 'பண மசோதா' என்று முத்திரை குத்தி அனுப்பினால்?

2016-ல் ஆதார் மசோதா அப்படித்தான் வந்தது. மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைச் சொன்னது. மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் பண மசோதா என்றே ஏற்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட், அது அரசியல் சட்டத்துக்குச் செய்த மோசடி என்று கண்டித்தார். தீர்ப்பாயங்களின் அமைப்பையே மாற்றிய 2017 நிதிச் சட்டம் வழக்குக்கு வந்தபோது, பண மசோதாவின் எல்லை எது என்ற கேள்வியை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியது.

தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு வழிவிட்ட திருத்தங்களும் அதே 2017 நிதிச் சட்டத்துக்குள்தான் இருந்தன. அரசியல் கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாமல் செய்த ஏற்பாடு அது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். காரணம் பண மசோதா அல்ல, வாக்காளரின் தகவல் அறியும் உரிமை. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மாநிலங்களவைக்குத் தடுக்கும் அதிகாரம் இருந்திருந்தால், நீதிமன்றம் ஏழு ஆண்டு கழித்துக் கண்டுபிடித்த குறையைச் சபை அன்றைக்கே பேசித் திருத்தியிருக்காதா?

கொறடாவின் கயிறு

பெரோஸ் காந்தி போல இன்று ஏன் ஒருவரும் எழுவதில்லை? பயம்தான் முக்கியக் காரணம்.

1967-ல் ஹரியானாவில் ஓர் எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் கட்சி விட்டுக் கட்சி தாவினார். 'ஆயாராம் கயாராம்' என்ற பெயரே அதில் பிறந்தது. இந்த நோய்க்கு மருந்தாக 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும்.

நோய்க்குத் தகுந்த மருந்துதான். ஆனால் டோஸ் அதிகமாகிவிட்டது. ஆட்சியைக் கவிழ்க்க விலை போவதைத் தடுக்க வந்த சட்டம், சாதாரண மசோதாவில் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுவதையும் சேர்த்துத் தடுக்கிறது. கேள்வி கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஓட்டு தன்னுடையது இல்லை என்றான பிறகு, அந்த மசோதாவைப் படிக்க எந்த உறுப்பினர் இரவு கண் விழிப்பார்?

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில், 269-க்கு 270 என்று கவிழ்ந்தது. ஒவ்வோர் ஓட்டுக்கும் அவ்வளவு எடை உண்டு. அந்த எடையை உறுப்பினரிடமிருந்து வாங்கிக் கட்சித் தலைமையிடம் கொடுத்துவிட்டார்கள்.

"மெஜாரிட்டி இருக்கிறதே, பிறகென்ன?"

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் கேட்க வேண்டும். மக்கள் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை கொடுத்தாயிற்று. அதன் பட்ஜெட் எப்படியும் நிறைவேறத்தான் போகிறது. நாள் கணக்காகப் பேசினால் நேரம்தான் வீண். அரசை வேலை செய்ய விடுங்கள் என்கிறார்கள் சிலர்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 51 சதவீதப் பங்கு ஒருவர் கையில் இருக்கிறது என்பதற்காக எந்தக் கம்பெனியிலாவது ஆடிட் வேண்டாம், ஆண்டுக் கூட்டம் வேண்டாம் என்று சட்டம் சொல்கிறதா? பெரும்பான்மை இருந்தால் முடிவெடுக்கலாம். விளக்கம் சொல்லாமல் தப்பிக்க அது உரிமை தராது. விவாதத்தின் பயன் அரசைத் தோற்கடிப்பது மட்டுமல்ல. சபையில் கேள்வி வரும் என்று தெரிந்தால் அதிகாரி கோப்பை ஒழுங்காக எழுதுவார், அமைச்சர் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை படிப்பார். கேள்வி வராது என்று தெரிந்துவிட்டால்?

என்ன செய்யலாம்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். சொல்லி வைத்ததைச் செய்தாலே போதும்.

1. மக்களவை ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள், மாநிலங்களவை 100 நாள் கூட வேண்டும். அரசியல் சட்டச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002-லேயே இதைச் சொல்லிவிட்டது.

2. கொறடா உத்தரவை மீறினால் பதவி இழப்பு என்பதை அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஓட்டெடுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே.

3. மசோதாக்கள் நிலைக்குழுவுக்குப் போவதைக் கட்டாயமாக்க வேண்டும். 15-வது மக்களவையில் (2009–14) 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17-வது மக்களவையில் 16 சதவீதம்தான். குழுவில் கேமரா இல்லை, அதனால் கோஷமும் இல்லை. வேலை நடக்கும்.

4. 'பண மசோதா' முத்திரையைச் சபாநாயகர் ஒருவரே குத்தாமல், இரு சபை உறுப்பினர்களும் கொண்ட ஒரு சிறு குழுவைக் கேட்டுக் குத்தலாம்.

5. துணைச் சபாநாயகரைத் தாமதமில்லாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். 16-வது மக்களவையில் (2014–19) தமிழ்நாட்டின் தம்பிதுரை அந்தப் பதவியில் இருந்தார். 17-வது மக்களவையின் ஐந்து ஆண்டும் அந்த நாற்காலி காலி. சபாநாயகருக்கு அடுத்த நாற்காலியே காலியாக இருக்கும்போது, எல்லா அதிகாரமும் ஒருவர் கையில்தான் சேரும்.

கடைசியாக...

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று சமர்ப்பித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே.சண்முகம் செட்டியார். அன்றைக்கு நாடு ஏழை. ஆனால் அந்த ஏழை நாட்டின் சபையில் அடுத்த பத்து ஆண்டுகளில் ஒன்றேகால் கோடிக்கு ஓர் அமைச்சர் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2023-ல் 45 லட்சம் கோடி சில நிமிடங்களில் போனது. 2023 மே மாதம் திறந்த புதிய கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். இருக்கை கூடியது நல்லதுதான். அதில் உட்காருபவர்கள் பேசும் நாட்களும் கூட வேண்டாமா?

பூட்டு இருக்கிறது. சாவியும் எம்.பி.க்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களை அனுப்பியது வாக்காளர். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோடு போட்டீர்களா, தண்ணீர் வந்ததா என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "பட்ஜெட் ஓட்டெடுப்பு நடந்த அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? என்ன பேசினீர்கள்?"

199 ரூபாய் ரீசார்ஜில் 30 ரூபாய் வரி கட்டிய யாருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க முழுத் தகுதி உண்டு.